கன்னியர் மடத்துக் காகிதங்கள்

1930ஆம் ஆண்டு செப்டம்பர் மாதம் 22ஆம் தேதி, வட அமெரிக்காவில் பள்ளிக்கூடங்கள் பல நடத்திவந்த ஒரு கத்தோலிக்கச் சபையின் தலைவி, தம் ஆளுகைக்கு உட்பட்ட மடங்களுக்கு ஒரு கடிதம் அனுப்பினார். விரதம் ஏற்கும் நாளை எதிர்நோக்கியிருக்கும் ஒவ்வோர் இளம் கன்னியும் தன் வரலாற்றைச் சுருக்கமாக எழுதித் தர வேண்டும்; பிறந்த ஊர், பெற்றோர், பிள்ளைப் பருவத்துச் சுவையான சம்பவங்கள், படித்த பள்ளிகள், துறவு வாழ்க்கையை நாடத் தூண்டிய காரணங்கள் ஆகியவற்றை 200 முதல் 300 சொற்களுக்குள் ஒரே தாளில் அடக்கிவிட வேண்டும் என்பது அதில் கண்ட கட்டளை. நிர்வாகக் காரியமாகப் பிறந்த சாதாரணக் கடிதந்தான் அது.

பெண்கள் எழுதினார்கள். எழுதியபோது அவர்களுக்குச் சராசரி வயது 22. தாள்கள் கோப்புகளில் சேர்ந்தன. கோப்புகள் அலமாரிகளில் சேர்ந்தன. எழுதியவர்களோ ஊர் ஊராகப் பிரிந்து சென்று, ஐம்பது ஆண்டுக் காலம் குழந்தைகளுக்கு எழுத்தும் கணக்கும் வேதமும் கற்பித்து, தலை நரைத்து, கால் தளர்ந்து, கடைசியில் தாய்மடத்துக்கே திரும்பி வந்தார்கள். தாங்கள் வாலிபத்தில் எழுதிப்போட்ட அந்த ஒற்றைப் பக்கத்தை என்றோ ஒருநாள் யாரோ எடுத்து, வாக்கியம் வாக்கியமாக எண்ணிக் கணக்கிட்டு, அதைத் தங்கள் மூளையோடு ஒப்பிட்டுப் பார்க்கப் போகிறார்கள் என்று அவர்களில் ஒருவரும் கனவிலும் கருதியிருக்க மாட்டார்கள்.

ஒப்பிட்டுப் பார்த்தவர் டேவிட் ஸ்னோடன் என்ற விஞ்ஞானி. நோய்கள் மக்கள் கூட்டத்தில் எவரைப் பற்றுகின்றன, எவரை விட்டுவிடுகின்றன, ஏன் அப்படி என்று எண்ணிக்கைகளைக் கொண்டு ஆராய்கிற துறை அவருடையது. வைத்தியர் ஒரு நோயாளியின் நாடியைப் பிடித்துப் பார்க்கிறார். இந்தத் துறையினர் ஓர் ஊரின் நாடியைப் பிடித்துப் பார்க்கிறார்கள் என்று சொல்லலாம். 1986ஆம் ஆண்டில், மின்னசோட்டா பல்கலைக்கழகத்தில் இளம் ஆசிரியராக இருந்த ஸ்னோடன், தக்கதோர் ஆராய்ச்சிப் பொருளைத் தேடிக்கொண்டிருந்தபோது, முன்பு அந்தச் சபையிலேயே கன்னியாஸ்திரீயாக இருந்து வெளியேறிய ஒரு மாணவியின் மூலமாக, மன்காட்டோ என்ற ஊரின் குன்றின்மேல் இருக்கும் நோத்ர் தாம் பள்ளிச் சகோதரிகள் சபையின் மடத்தைப் பற்றி அறிந்தார். 1833இல் ஜெர்மனியின் பவேரியாவில் தோன்றி, 1847இல் அமெரிக்கக் கரையை அடைந்த சபை அது. பள்ளி நடத்துவதே அதன் பிரதான தொண்டு.

ஆராய்ச்சிக்கு மடம் எதற்கு என்று வாசகர்கள் கேட்கலாம். கேட்க வேண்டிய கேள்விதான். வெளியுலகத்தில் ஒருவருக்கு வயோதிகத்தில் புத்தி தடுமாறுகிறது, அடுத்த வீட்டுக்காரருக்குத் தடுமாறவில்லை என்றால், அதற்குக் காரணம் கண்டுபிடிப்பது எளிதன்று. ஒருவர் புகைபிடித்திருப்பார், மற்றவர் பிடித்திருக்கமாட்டார். ஒருவர் வறுமையில் உழன்றிருப்பார், மற்றவர் செல்வத்தில் மிதந்திருப்பார். ஒருத்தி பத்துப் பிள்ளை பெற்றிருப்பாள், மற்றொருத்தி மலடியாக இருந்திருப்பாள். உணவு வேறு, வைத்தியம் வேறு, கவலை வேறு. இத்தனை வேற்றுமைகளும் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கும்போது, எந்த நூலை இழுத்தால் எந்த முடிச்சு அவிழும் என்று சொல்ல முடியாது. மடத்திலோ அனைவரும் ஒரே சமையலறைச் சோற்றை உண்கிறவர்கள், ஒரே வைத்தியரிடம் காட்டிக்கொள்கிறவர்கள், புகையிலையைத் தொடாதவர்கள், மணம் புரியாதவர்கள், பிள்ளை பெறாதவர்கள், சொந்தமென்று காசு வைத்துக்கொள்ளாதவர்கள். இவ்வளவும் ஒன்றாக இருந்தும், ஒரு சகோதரி 95 வயதில் நாளிதழ் படித்து அரசியல் பேசுகிறார், இன்னொரு சகோதரி 78 வயதில் தம் அறைக்குப் போகும் வழி தெரியாமல் நடைகூடத்தில் திகைத்து நிற்கிறார் என்றால், அந்த வேற்றுமைக்குக் காரணம் தேடுவது ஓரளவு சுலபமாகிவிடுகிறது. ஆராய்ச்சிக்காரனுக்கு இதைவிட வாய்ப்பான இடம் கிடைப்பது அரிது.

1990இல் ஸ்னோடன் கென்டக்கி பல்கலைக்கழகத்துக்கு மாறினார். ஆராய்ச்சியும் அவரோடு விரிந்தது. மன்காட்டோ மட்டுமன்றி அந்தச் சபையின் அமெரிக்க மாகாணங்கள் அனைத்திலும் 1917க்கு முன் பிறந்த சகோதரிகள் 1,027 பேர் இருந்தார்கள். அவர்களிடம் அவர் கேட்டது சாதாரணமான உதவியன்று. ஆண்டுதோறும் ஞாபகப் பரிசோதனைக்கு உட்பட வேண்டும். மடத்தின் பழைய பதிவேடுகளைப் பார்க்க அனுமதிக்க வேண்டும். அதற்கும் மேலாக, இறந்தபின் தங்கள் மூளையைத் தானமாகத் தர வேண்டும். உயிர்த்தெழுதலில் உறுதியான நம்பிக்கை கொண்ட முதிய பெண்களிடம் ஓர் அந்நிய ஆண்பிள்ளை போய் நின்று, உங்கள் மூளை எனக்கு வேண்டும் என்று கேட்கிற காட்சியைச் சற்று எண்ணிப் பாருங்கள்! கேட்டவருக்கும் நா உலர்ந்திருக்கும். ஆயினும் 678 பேர் சம்மதித்துக் கையெழுத்திட்டார்கள். அப்போது அவர்களில் மிக இளையவருக்கு வயது 75. மிக மூத்தவருக்கு 102. ஆயுள் முழுவதும் ஆசிரியைகளாக இருந்தவர்கள், இறந்த பிறகும் ஒரு பாடம் நடத்திவிட்டுப் போகலாம் என்று எண்ணினார்கள் போலும். இந்த ஆராய்ச்சியில் புகழுக்குரியவர் யார் என்று என்னைக் கேட்டால், விஞ்ஞானியைக் காட்டிலும் அந்தக் கையெழுத்துகளைத்தான் முதலில் சுட்டுவேன்.

பரிசோதனை எப்படி நடக்கும் என்பதைச் சிறிது கிட்டத்திலிருந்து பார்ப்போம். மேஜைக்கு எதிரே உட்கார்ந்திருக்கும் பெண்மணி, ஒவ்வொரு சொல்லாக எழுதிய அட்டைகளைப் பாட்டியிடம் காட்டுகிறார். வெண்ணெய், கை, கடிதம், ராணி, புல் என்பன போன்ற பத்துச் சொற்கள்; ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாதவை. பாட்டி ஒவ்வொன்றையும் உரக்கப் படிக்கிறார். பிறகு பேச்சு வேறு திசையில் போகிறது. படம் பார்த்து வரையச் சொல்கிறார்கள். ஒரு நிமிஷத்துக்குள் எத்தனை மிருகங்களின் பெயர்களைச் சொல்ல முடியும் என்று கேட்கிறார்கள். சில நிமிஷங்கள் சென்றபின், முன்பு படித்தீர்களே, அந்தப் பத்துச் சொற்களைச் சொல்லுங்கள் பார்க்கலாம் என்கிறார்கள். ஏழெட்டுச் சொல்கிறவர்கள் உண்டு. சொற்களை மட்டுமன்று, அப்படி ஓர் அட்டையைக் கண்ட நினைவையே அடியோடு இழந்து, எந்தச் சொற்கள் என்று திருப்பிக் கேட்பவர்களும் உண்டு. இந்த இரண்டாவது நிலைதான் கவலைக்குரியது. மூக்குக்கண்ணாடியை எங்கே வைத்தோம் என்று தேடுவது எல்லோருக்கும் உள்ள மறதி; மூக்குக்கண்ணாடி எதற்கு என்று விழிப்பது நோய்.

நம் வீடுகளில் இந்த நோய்க்குத் தனிப் பெயர் இருந்ததில்லை. வயசாகிவிட்டது, பிள்ளை மாதிரி ஆகிவிட்டார் என்பார்கள். யாழ்ப்பாணத்தார் அறளை பெயர்ந்துவிட்டது என்பார்கள். ஐம்பது வருஷத்துக்கு முன் நடந்த கலியாணத்தின் பந்தியில் என்ன பரிமாறினார்கள் என்பதை ஒன்றுவிடாமல் சொல்லுகிற பாட்டி, காலையில் இட்லி சாப்பிட்டதை மறந்து, இன்னும் எனக்குப் பலகாரம் தரவில்லை என்று மருமகள்மேல் குறைசொல்வதை முதுமையின் இயல்பென்றே நாம் கொண்டிருந்தோம். மேனாட்டிலும் வெகுகாலம் அப்படித்தான் கொண்டிருந்தார்கள். 1901இல் ஜெர்மனியின் பிராங்க்பர்ட் நகரத்து மனநோய் மருத்துவமனையில், 51 வயதே ஆன அகுஸ்டே டீட்டர் என்ற பெண்மணியைச் சேர்த்தார்கள். கிழவியல்லாத ஒருத்திக்குக் கிழத்தனத்துத் தடுமாற்றம் வந்தது அங்கிருந்த வைத்தியர் அலாய்ஸ் அல்ஸைமருக்கு வியப்பாக இருந்தது. 1906இல் அவள் இறந்தபின், அவளுடைய மூளையின் மெல்லிய சீவல்களுக்கு வெள்ளி உப்பால் சாயமேற்றி நுண்ணோக்கியின்கீழ் வைத்துப் பார்த்தார். உயிரணுக்களுக்கு உள்ளே நூல் சிக்கியதுபோல் முடிச்சுகள். உயிரணுக்களுக்கு வெளியே கறைபோல் படிந்த திட்டுகள். முடிச்சுகள் டௌ என்ற புரதத்தாலும், திட்டுகள் அமிலாய்டு என்ற புரதத்தாலும் ஆனவை என்பது பிற்காலத்தில் தெரிந்தது. அல்ஸைமர் நோயின் முத்திரைகளென்று இன்றளவும் இவ்விரண்டையுமே சொல்கிறார்கள்.

இதிலிருந்து எவரும் எளிதில் ஊகிக்கக்கூடிய முடிவு ஒன்று உண்டு. முடிச்சும் திட்டும் அதிகமானால் மறதியும் அதிகமாகும், குறைந்தால் குறையும். பானையில் ஓட்டை பெரிதானால் ஒழுக்கும் பெரிதாவதுபோல! மடத்துச் சகோதரிகள் ஒருவர்பின் ஒருவராகக் காலமாகி, அவர்களுடைய மூளைகள் கென்டக்கியிலுள்ள லெக்ஸிங்டன் நகரத்து ஆய்வுக்கூடத்துக்கு வந்து சேரத் தொடங்கியபின் இந்த ஊகம் ஆட்டங்கண்டது. வில்லியம் மார்க்ஸ்பெரி என்ற நிபுணர் அவற்றை நிறுத்து, சீவி, சாயமேற்றி ஆராய்ந்தார். எந்த மூளைக்கு உரியவர் பரிசோதனைகளில் எத்தனை மதிப்பெண் வாங்கியிருந்தார் என்பது அவருக்குத் தெரியாதபடி மறைத்து வைத்திருந்தார்கள். தெரிந்தால், கண் தான் காண விரும்புவதையே காணும் அல்லவா?

ஆராய்ச்சி ஏடுகளில் சிஸ்டர் மேரி என்று குறிக்கப்படும் அம்மையார் 1892இல் பிலடெல்பியா நகரத்தில் பிறந்தவர். எட்டாம் வகுப்போடு நின்ற படிப்பை வைத்துக்கொண்டு 19 வயதில் ஆசிரியையானார்; கோடை விடுமுறைதோறும் வகுப்புகளுக்குப் போய்ப் போய், 41ஆம் வயதில் உயர்நிலைப் பள்ளிச் சான்றிதழ் பெற்றார். 84 வயது வரையில் கற்பித்தார். ஓய்வுபெற்ற பிறகும் உருப்பெருக்கிக் கண்ணாடியைப் பிடித்துக்கொண்டு பத்திரிகை படிப்பதை விடவில்லை. 101 வயதில், மரணத்துக்குச் சில மாதங்களுக்கு முன் நடந்த பரிசோதனையில், 30க்கு 27 மதிப்பெண் வாங்கினார். அவருடைய மூளையை நிறுத்தபோது அதன் எடை 870 கிராம். நல்ல நிலையிலுள்ள ஒரு பெண்ணின் மூளை பொதுவாக 1,100 கிராமுக்குக் குறைவதில்லை. சீவிப் பார்த்தபோது முடிச்சுகளும் திட்டுகளும் ஏராளமாக இருந்தன. நோய் குடியிருந்த வீடு அது. ஆனால் வாசலில் நின்று பார்த்தவர் எவருக்கும் உள்ளே நோய் இருக்கிற அடையாளமே தெரியவில்லை.

சிஸ்டர் மேரி ஒருவர்தானா என்றால், அதுவும் இல்லை. சிஸ்டர் பெர்னடெட் என்று குறிக்கப்படும் வேறொருவர் 85ஆம் வயதில் மாரடைப்பால் திடீரென்று இறந்தார். 81, 83, 84 ஆகிய வயதுகளில் நடந்த எல்லாப் பரிசோதனைகளிலும் நல்ல மதிப்பெண் வாங்கியவர். முடிச்சுகள் மூளையில் எவ்வளவு தூரம் பரவியிருக்கின்றன என்பதை ஜெர்மானிய நிபுணர் பிராக் வகுத்த ஆறு படிகளால் அளப்பது வழக்கம். பெர்னடெட்டின் மூளை ஆறாவது, அதாவது கடைசிப் படியில் இருந்தது. இதற்கு நேர்மாறாக, நுண்ணோக்கியின்கீழ் அதிகக் கேடு தென்படாத மூளைகளுக்கு உரியவர்கள் உயிரோடிருந்தபோது வெகுவாகத் தடுமாறியிருந்ததும் உண்டு. நோயின் அளவு ஒன்று. நோயாளியின் நிலை வேறொன்று. இரண்டுக்கும் நடுவே ஏதோ ஒன்று இருந்து, ஒருத்திக்குக் கேடயமாகிறது, மற்றொருத்திக்கு ஆகாமற்போகிறது.

அந்த ஏதோ ஒன்றைத் தேடிப் போனபோதுதான் பழைய காகிதங்கள் கைக்கு வந்தன. கான்ஸஸ் பல்கலைக்கழகத்து மொழியியல் அறிஞரான சூஸன் கெம்பர் அவற்றைப் படித்தார். எழுதியவள் முதுமையில் என்ன ஆனாள் என்று அறியாமலேயே ஒவ்வொரு சுயசரிதையிலும் கடைசிப் பத்து வாக்கியங்களை எடுத்துக்கொண்டு, பத்துச் சொற்களுக்கு எத்தனை கருத்துகள் அடங்கியிருக்கின்றன என்று எண்ணினார்கள். கருத்தின் செறிவு என்று அதற்குப் பெயரிடலாம். விஷயம் விளங்குவதற்காக நாமே இரண்டு பெண்களைக் கற்பித்துக்கொள்வோம். ஒருத்தி எழுதுகிறாள்: நான் ஒரு கிராமத்தில் பிறந்தேன். என் தகப்பனார் தச்சர். எனக்கு மூன்று சகோதரர்கள். நான் எங்கள் ஊர்ப் பள்ளியில் படித்தேன். மற்றொருத்தி எழுதுகிறாள்: மரத்தூள் வாசனையோடு பட்டறையிலிருந்து திரும்பும் தகப்பனாரின் மடியில் முதலில் ஏறுவது யாரென்று நாங்கள் நால்வரும் போட்டியிடுவதைக் கண்டு, தாயார் கோபித்துக்கொள்வதுபோல் பாவனை செய்து, முந்தானையால் வாயைப் பொத்திச் சிரிப்பார். முதலாமவள் சொன்னதில் பொய்யில்லை, பிழையுமில்லை. ஆனால் ஒரு வாக்கியத்துக்கு ஒரு செய்திதான். இரண்டாமவளின் வாக்கியத்தில் தொழிலும், வாசனையும், போட்டியும், பொய்க்கோபமும், சிரிப்பும் ஒன்றோடொன்று கைகோத்து நிற்கின்றன. (ஒரே சொல்லுக்குள் வினையையும் காலத்தையும் ஆளையும் அடைத்துவிடுகிற நம் மொழியில் ஆங்கிலத்துக்கு வகுத்த இந்தக் கணக்கு அப்படியே செல்லாது என்பது வேறு விஷயம்.)

முடிவு 1996இல் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் இதழில் வெளியாயிற்று. 93 சகோதரிகளின் காகிதங்களை ஆராய்ந்தார்கள். வாலிபத்தில் கருத்துச் செறிவு குறைவாக எழுதியவர்களே ஏறத்தாழ 58 ஆண்டுகளுக்குப் பின் ஞாபகப் பரிசோதனைகளில் பெரிதும் பின்தங்கினார்கள். அவர்களில் அதுவரை இறந்துபோயிருந்த 14 பேரின் மூளைகளைப் பார்த்தபோது, செறிவு குறைவாக எழுதிய அனைவரிடமும் அல்ஸைமர் நோய் இருந்தது. செறிவாக எழுதியவர்களில் ஒருவரிடமும் இல்லை. செய்தி உலகமெங்கும் பரவியது. இருபது வயதில் எழுதுகிற கடிதத்தைக் கொண்டு எண்பது வயதுத் தலையெழுத்தைச் சொல்லிவிடலாம் என்று பத்திரிகைகள் எழுதின. இரண்டாயிரமாவது ஆண்டை ஒட்டி, அதே காகிதங்களில் 180ஐ எடுத்து, மகிழ்ச்சி, நன்றி, நம்பிக்கை முதலிய உணர்ச்சிகளைக் குறிக்கும் சொற்களையும் எண்ணினார்கள். அத்தகைய சொற்களை நிறையப் பெய்து எழுதியவர்கள் குறைவாக எழுதியவர்களைவிடப் பல ஆண்டுகள் அதிகமாக வாழ்ந்திருந்தது தெரிந்தது. இது 2001இல் வெளியாயிற்று. அதே வருஷம் ஸ்னோடன் பொதுமக்களுக்காக ஒரு நூலும் எழுதினார். கன்னியாஸ்திரீகள் ஆராய்ச்சி என்ற பெயர் பிரசித்தமாகிவிட்டது.

இங்கே நாம் சற்று நிதானிக்க வேண்டும். 14 மூளைகள் என்பது மிகச் சிறிய எண்ணிக்கை. அது போகட்டும், கருத்துச் செறிவு குறைவாக இருந்ததால் நோய் வந்ததா, அல்லது எண்பதில் வெளிப்படப்போகும் நோய் இருபத்திரண்டிலேயே மூளைக்குள் அரும்பத் தொடங்கி, எழுத்தைச் சுருக்கியதா என்ற கேள்வியை அந்தக் காகிதங்களால் தீர்க்க இயலாது. பிள்ளைப் பருவத்துப் போஷாக்கோ, வீட்டில் கேட்ட பேச்சோ, இரண்டுக்கும் பொதுவான வேறொரு காரணமோ பின்னால் நின்றிருக்கலாம். அன்றியும், அந்த ஸ்திரீகள் அனைவரும் ஏறக்குறைய ஒரே வகுப்பினர், வெள்ளையர், பெரும்பாலும் கல்லூரிப் படிப்புள்ளவர்கள். மடத்தை வாய்ப்பான இடமாக்கிய அதே ஒருமைப்பாடு, அங்கே கண்ட முடிவை எல்லோருக்கும் பொருத்திப் பார்ப்பதற்குத் தடையாகவும் நிற்கிறது. நீண்ட வாக்கியம் எழுதுகிறவனுக்கு மறதி வராது என்று யாரும் மகிழ்ந்துவிட வேண்டாம்; அப்படியொரு சலுகை இருந்தால் இந்தக் கட்டுரையாளன் வெகு நிம்மதியாக உறங்குவான்.

ஆயினும் நடுவே நின்று காக்கும் அந்தக் கேடயத்தைப் பற்றிய எண்ணம் வலுப்பெற்றே வந்திருக்கிறது. ஸ்னோடனுக்கு முன்பே, 1988இல், ராபர்ட் காட்ஸ்மன் என்ற நிபுணரும் அவருடைய சகாக்களும் முதியோர் இல்லம் ஒன்றில் இறந்த 137 பேரின் மூளைகளை ஆராய்ந்து, நோயின் முத்திரைகள் இருந்தும் நல்ல புத்தியோடு வாழ்ந்த 10 பேரைக் கண்டார்கள். அவர்களுடைய மூளைகள் எடையில் கூடியவை, உயிரணுக்கள் மிகுந்தவை. சேமிப்பு என்று இதைச் சொல்கிறார்கள். பத்தாயத்தில் நெல் நிறைய இருக்கிற வீட்டில் எலி தின்றது தெரிய நாளாகும். கால் பத்தாயம் வைத்திருப்பவன் வீட்டில் மறுவாரமே தெரிந்துவிடும். அந்தச் சேமிப்பு படிப்பினால் மட்டும் வருவதா? நம் நாட்டிலிருந்தே இதற்கு ஒரு விடை கிடைத்திருக்கிறது. ஹைதராபாத் நிஜாம் மருத்துவ விஞ்ஞான நிறுவனத்தில் சுவர்ணா அல்லாடியும் சகாக்களும் டிமென்ஷியா என்ற புத்தித் தடுமாற்றம் கண்ட நோயாளிகள் 648 பேரை ஆராய்ந்து 2013இல் வெளியிட்ட முடிவின்படி, இரண்டு மொழி பேசுகிறவர்களுக்கு ஒரு மொழி மட்டும் பேசுகிறவர்களைவிட நாலரை ஆண்டுகள் தாமதித்தே நோய் தலைகாட்டியது. எழுத்தறியாதவர்களிடையேகூட இந்த வேற்றுமை இருந்தது. அவர்களிடம் அது ஆறு ஆண்டு. பள்ளிக்கூட வாசலை மிதிக்காமல், சந்தையில் தெலுங்கும் தெருவில் உருதுவும் பேசிப் பழகியதே ஒருவகைப் படிப்பாகிவிட்டது போலும். பின்னர் 2019இல் மடத்துச் சகோதரிகளின் பதிவுகளைத் திரும்ப ஆராய்ந்தவர்கள், ஒரே மொழி அறிந்தவர்களில் 31 சதவீதத்தினருக்கும், நான்கும் அதற்கு மேலும் அறிந்தவர்களில் 6 சதவீதத்தினருக்கும் டிமென்ஷியா வந்திருந்தது என்று கண்டார்கள். ஆனால் மொழிகளின் எண்ணிக்கையைக் காட்டிலும் பழைய காகிதத்துக் கருத்துச் செறிவே வலிய அடையாளமாக இருந்தது என்பதையும் அவர்கள் மறைக்கவில்லை.

இவ்வளவு பிரசித்தமான காகிதங்களுக்கு மத்தியில், அதே ஆராய்ச்சியில் 1997இல் வெளிவந்த மற்றொரு முடிவைப் பொதுமக்கள் அவ்வளவாகக் கவனிக்கவில்லை. அதில் கதையில்லை, கவிதையில்லை. இளம் பெண்ணின் கையெழுத்தில்லை. என் அபிப்பிராயத்தில் அதுதான் மிகவும் பிரயோஜனமானது. இறந்துபோன 102 சகோதரிகளின் மூளைகளில், 61 பேருடையவை அல்ஸைமர் நோயின் முத்திரைகளைத் தாங்கியிருந்தன. அந்த 61 பேருக்குள்ளும் எல்லோரும் புத்தி தடுமாறியவர்களல்லர். தடுமாறியவர்களையும் தடுமாறாதவர்களையும் பிரித்தது எது என்று பார்த்தபோது, இரத்தக் குழாய் அடைபட்டு மூளையின் ஆழமான பகுதிகளில் ஏற்பட்ட மிகச் சிறிய காயங்கள் கண்ணுக்குப் புலப்பட்டன. கை கால் இழுத்துக்கொள்ளும் பெரிய பக்கவாதமாக வெளியே தெரியாமல், சப்தமின்றி வந்துபோனவை. இத்தகைய காயம் ஒன்றிரண்டு இருந்தவர்களுக்கு, இல்லாதவர்களைவிட டிமென்ஷியா வெளிப்படும் வாய்ப்பு ஏறத்தாழ 20 மடங்காக இருந்தது. வேடிக்கை என்னவென்றால், அல்ஸைமர் முத்திரைகள் இல்லாத மற்ற 41 பேரிடம் அதே காயங்கள் அவ்வளவு கேடு செய்யவில்லை. நோய் தனியே இருந்தால் சிலருடைய மூளை தாங்குகிறது. காயம் தனியே இருந்தாலும் பெரும்பாலும் தாங்குகிறது. இரண்டும் கூடினால் பெரும்பாலும் குடி முழுகிவிடுகிறது. பாரம் ஏற்றிய வண்டிக்கு அச்சாணியும் கழன்றதுபோல.

இருபத்திரண்டு வயதில் எழுதிய காகிதத்தை இனி எவராலும் திருத்தி எழுத முடியாது. முடிச்சுகளையும் திட்டுகளையும் கரைக்கும் மருந்துகளைத் தேடி உலகமெங்கும் கோடிக்கணக்கான பணம் செலவாகிறது. அமிலாய்டுத் திட்டுகளை அகற்றும் லெக்கனமாப் என்ற மருந்துக்கு அமெரிக்க அரசு 2023இல் முழு அங்கீகாரம் தந்தது. ஆனால் திட்டுகளை நன்றாக அகற்றிய அந்த மருந்து, 18 மாதப் பரிசோதனையில் நோயாளிகளின் சரிவை 27 சதவீதம் மெதுவாக்கியதே தவிர நிறுத்தவில்லை. சிஸ்டர் மேரியின் மூளையைக் கண்டவர்களுக்கு இதில் வியப்பிருக்காது. சிறு காயங்களின் விஷயமோ வேறு. அவற்றைப் பெரும்பாலும் உண்டாக்குவது இரத்தக் கொதிப்பு. அதோடு சர்க்கரை வியாதியும் புகையும். இரத்தக் கொதிப்பு பல வருஷங்கள் ஒரு வலியும் காட்டாமல் உள்ளிருந்து குழாய்களை அரிக்கும். மாத்திரைகளோ மலிவானவை, சாதாரண மருந்துக் கடையில் கிடைப்பவை. தலைசுற்றல் இல்லையே, எனக்கு எதற்கு மாத்திரை என்று பாதியில் நிறுத்திவிடுகிறவர்கள் நம் ஊரில் எவ்வளவு பேர் என்பது வைத்தியர்களைக் கேட்டால் தெரியும்.

இன்னொன்று. மறதி கண்ட எல்லோருக்கும் அல்ஸைமர்தான் என்று கொள்ளவும் கூடாது. தைராய்டுக் குறைவும், பி12 என்ற வைட்டமின் பற்றாமையும், வெளியே சொல்லாத மனச்சோர்வும் அதே வேஷத்தைப் போட்டுக்கொண்டு வரக்கூடும். இவற்றுக்குச் சிகிச்சை உண்டு. ஆகவே வீட்டிலே பெரியவர் ஒருவர் சொன்னதையே சொல்லி, கேட்டதையே கேட்டுக்கொண்டிருந்தால், வயசாகிவிட்டது என்ற ஒரு சொல்லோடு முடித்துவிடாமல், ஒருமுறை வைத்தியரிடம் அழைத்துப் போங்கள். உங்களுக்கு நாற்பது வயது கடந்திருந்தால், அவருக்குத் துணையாகப் போகிற அன்றைக்கே உங்கள் கையையும் நீட்டி இரத்த அழுத்தத்தை அளந்துகொண்டு வாருங்கள்.